லேகாக்: தூறல் நாளில் போகலாமா?
(பயணப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நவம்பர் நடுவில் லண்டனில் இருப்போம். பழமை மாறாத ஆங்கிலக் கிராமம் என்றால் வில்ட்ஷயரில் உள்ள லேகாக் என்கிறார்கள். மழை பெய்தால் பயணம் வீண்தானா? (கோவை வாசகி)

வீணாகாது. உங்களுக்கு இடைஞ்சல் மழையைவிட இருட்டுதான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நவம்பர் நடுவில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மேகம் கவிந்திருந்தால் மூன்றரைக்கே தெரு மங்கிவிடும். ஆகவே காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து சிப்பன்ஹாமுக்கு நேர் ரயில் உண்டு. சுமார் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து லேகாக் 5 கிலோமீட்டர். மெல்க்ஷம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். ஏ350 நெடுஞ்சாலை ஓரமாக நடக்கும் எண்ணம் வேண்டாம். ஞாயிறன்று பஸ் உண்டா, கடைசி பஸ் எப்போது என்பதை லண்டனிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத் தெருக்களில் நடக்கக் கட்டணமில்லை. லேகாக் அபே என்ற பழைய மடத்து மாளிகைக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான் டிக்கெட். குளிர்காலத்தில் அபேயின் அறைகளைச் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். இதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்து, அறைகளை முதலிலும் தெருவைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடை போதுமா? (திருச்சி வாசகர்)

போதாது. காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பியுள்ள மழைக்கோட்டு நல்லது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். நன்கு வரி வெட்டிய ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ தேவை. அங்கே வழுக்குவது சேறு மட்டுமல்ல. தேய்ந்த கற்பலகைமேல் ஒட்டிக் கிடக்கும் ஈர இலைதான் ஆளைச் சாய்க்கும். பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும்.

கேள்வி: அங்கே இருப்பது நாலே தெரு என்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? (சேலம் வாசகர்)

சும்மா நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நின்று பார்த்தால் இரண்டு மணி நேரம் போதாது. சர்ச் ஸ்ட்ரீட்டில் 'க்ரக் ஹவுஸ்' என்ற வீட்டின் பக்கச் சுவரைப் பாருங்கள். ஒரே மரத்தை நீளவாக்கில் பிளந்து, அதன் வளைந்த இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கூரையைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். இடையிலுள்ள சுவர் வெறும் அடைப்பு. இவ்வகை வீடுகளில் குச்சிப் படல் பின்னி மண் பூசுவார்கள், நம் ஊர் மண்சுவர் மாதிரிதான். மேல் பூச்சு சுண்ணாம்பு. பழைய வீட்டில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, மரம் உளுத்துப்போகும்.

அப்படியே கல் ஓடு வேய்ந்த கூரைகளை அண்ணாந்து பாருங்கள். கீழ் வரிசையில் பெரிய கல், மேலே போகப்போகச் சிறியது. தண்ணீர் அதிகம் ஓடுவதும், கனத்தைச் சுவர் நேராகத் தாங்குவதும் கீழேதான். காய்ந்த நாளில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நனைந்தால்தான் கல்லுக்குக் கல் நிறம் பிரியும்.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் பதினான்காம் நூற்றாண்டுக் களஞ்சியம் இருக்கிறது. அபேக்குச் சேரவேண்டியதைக் குடியானவர்கள் தானியமாகவும் ஆட்டுரோமமாகவும் கொண்டுவந்து கொட்டிய இடம். ஒட்டினாற்போல் ஜன்னலே இல்லாத கல் அறை: குடித்துவிட்டு ரகளை செய்தவரை இரவு அடைத்துவைக்க. 'குருட்டு வீடு' என்று பெயர்.

ஒன்று சொல்ல வேண்டும். மாட்டில்டா டால்பட் 1944-ல் அபேயையும் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார். ஆனாலும் இது காட்சிப் பொருளல்ல. வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். படப்பிடிப்பு நடக்கும் ஊர்தானே என்று ஜன்னலில் முகம் வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: புகைப்படக் கலைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? (மதுரை வாசகர்)

கொஞ்சம் உங்கள் ஊர்ச் சம்பந்தமும் உண்டு. அபே 1232-ல் சாலிஸ்பரி சீமாட்டி ஈலா நிறுவிய கன்னிமாடம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-ல் மூடப்பட்டு, மாளிகையாக மாறியது. பிற்காலத்தில் அங்கே வாழ்ந்தவர் புகைப்பட முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். எழுதும் தாளை உப்புநீரில் நனைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் தடவினார். அதைச் சிறு மரப்பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்தார். அந்தப் பெட்டிகளுக்கு அவர் மனைவி வைத்த பெயர் 'எலிப்பொறி'!

தெற்கு நடைக்கூடத்தில் வெளியே புடைத்த ஜன்னல்கள் மூன்று இருக்கும். நடுவில் உள்ளதைத்தான் அவர் படமெடுத்தார். 1835 ஆகஸ்டில் அதை எடுத்த நெகட்டிவ் தபால்தலை அளவுதான். இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று அவரே குறித்திருக்கிறார். அதே காலத்தில் பிரான்ஸில் டாகேர் உலோகத் தகட்டில் எடுத்த படத்துக்குப் பிரதி கிடையாது. டால்பட் முறையில் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படமும் போடலாம். அந்தக் காகித நெகட்டிவ் வழியில் வந்ததுதான் 1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரைக் கோயிலைப் படமெடுத்த மெழுகுத்தாள் முறையும்.

அந்த ஜன்னலைப் போனில் எடுத்தால் சாதாரணமாக ஒன்று ஜன்னல் வெளுத்துவிடும், இல்லையென்றால் அறை கறுத்துவிடும். மேகமூட்ட நாளில் வெளிச்ச வித்தியாசம் குறைவு. போன் திரையில் ஜன்னல் தெரியும் இடத்தில் விரலைத் தட்டி, வெளிச்சத்தைச் சற்று இறக்கினால் கண்ணாடிச் சில்லுகளை இணைக்கும் ஈயக் கோடுகள் சுத்தமாக விழும். வெளிக்குளிரிலிருந்து வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பையை மூடியபடியே கால்மணி நேரம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வயல்வெளியிலும் நடக்கலாமா? (நெல்லை வாசகி)

மஞ்சள் அம்பு போட்ட பாதைகளில் நடப்பவர்கள் போகலாம். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். தொடுதிரை மழையில் தடுமாறும். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு காகித வரைபடம் கைகொடுக்கும். ஏவன் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. சில நாள் பலத்த மழை பெய்திருந்தால் கரையோர வயலில் தண்ணீர் நிற்கும், அன்றைக்குத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதியச் சாப்பாடு? (ஈரோடு வாசகர்)

பப்களில் சமையலறையை இரண்டு, இரண்டரைக்கே மூடிவிடுவது வழக்கம், பிறகு மாலைதான். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்டருக்குப் போய் ஆர்டர் சொல்லி, பெரும்பாலும் அங்கேயே பணம் கட்ட வேண்டும். உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். சைவர்கள் சூப்புக்கு எந்த ஸ்டாக் ஊற்றினார்கள் என்று கேட்டுவிடுங்கள். காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கலாம்.