எட்டாம் ஆண்டின் கடைசிப் பத்து வாரங்கள்

கேள்வி: மதுரையிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மகள் இன்டர்மீடியட் பள்ளியில் எட்டாம் ஆண்டு. மகன் அடுத்த ஆண்டு அதே பள்ளியில் சேர்கிறான். அக்டோபரில், கல்வியாண்டின் கடைசியான நான்காம் பருவம் தொடங்கியதும் தினம் ஒரு மின்னஞ்சல் வருகிறது: கலாசார நாள், தடகள நாள், முஃப்டி நாள், பரிசளிப்பு, பிரிவு விருந்து. எதற்குப் போவது, எதற்குப் பணம் கட்டுவது? இன்னொன்று மனதை வாட்டுகிறது. ஊரில் ஐந்து வருடம் பரதம் கற்றவள், கலாசார நாளில் ஆட மாட்டேன், இங்குள்ள பூர்வகுடி மாவோரி மக்களின் குழு ஆட்டமான கபா ஹக்காவில்தான் நிற்பேன் என்கிறாள். வற்புறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வற்புறுத்த வேண்டாம்.

இன்டர்மீடியட்டில் ஏழாம், எட்டாம் ஆண்டுகள் மட்டும்தான். பல ஆரம்பப் பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் இரண்டே ஆண்டில் கலைந்து வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகளோ இடையில் வந்து சேர்ந்தவள். பரதம் ஆடினால் மேடையில் அவள் தனி ஆள். எல்லோரும் பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், அவ்வளவுதான். கபா ஹக்காவில் அவள் கூட்டத்தில் ஒருத்தி. 'கபா' என்றாலே வரிசை என்று பொருள். தோளோடு தோள் நின்று, சேர்ந்து பாடி, ஒரே நேரத்தில் காலைத் தட்டி ஆடுவது அது. பன்னிரண்டு வயதில் அந்த வரிசையில் ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வகுப்பறையில் பல ஆண்டுகள் பார்த்தவள் நான். ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: அரைமண்டியில் நின்று பழகிய உடம்பும் தாளம் தவறாத காலும் ஹக்காவில் தனியாகத் தெரியும். கற்றது எங்கும் போய்விடவில்லை.

நம்முடையது எதுவும் பள்ளிக்குத் தெரியாமலே போகிறதே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. இங்குள்ள நாட்காட்டி நமக்குச் சாதகமாக இல்லை. பொங்கல் அன்று பள்ளி கோடை விடுமுறையில் மூடியிருக்கும். சித்திரைப் பிறப்பு முதல் பருவம் முடிகிற வேளையில் ஈஸ்டரோடும் விடுமுறையோடும் கரைந்துவிடும். நவராத்திரியும் பெரும்பாலும் மூன்றாம் பருவ விடுமுறையை ஒட்டியே வரும். மிஞ்சுவது தீபாவளி ஒன்றுதான். அதை இந்திப் பாட்டும் வண்ணப்பொடியுமாகப் பள்ளிகள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருக்கின்றன.

அதனால் தமிழ்ப் பெற்றோரிடம் நான் சொல்வது திருக்கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான். மாவோரி மக்களின் புத்தாண்டான மாத்தாரிக்கி 2022 முதல் நியூசிலாந்தில் பொது விடுமுறை. ஜூன், ஜூலையில் உங்கள் மகளும் அதைப் பள்ளியில் கொண்டாடியிருப்பாள். விடியுமுன் கீழ்வானில் மறுபடி எழும் மாத்தாரிக்கி என்ற விண்மீன்கூட்டம் நம் கார்த்திகையேதான். அவர்களில் பலர் ஒன்பது விண்மீன்கள் என்று எண்ணுகிறார்கள், சிலர் ஏழு என்கிறார்கள். நாம் ஆறு என்கிறோம். சங்கப் பாட்டிலேயே 'அறுமீன்' என்ற பெயர் இருக்கிறது. முழுநிலா அதோடு கூடும் இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்த செய்தியும் இருக்கிறது. மாத்தாரிக்கியில் அவர்கள் மறைந்தவர்களை நினைத்து, வரும் ஆண்டை வரவேற்கிறார்கள். அதே மீன்களுக்குச் சுமார் ஐந்து மாதம் கழித்து நாம் விளக்கேற்றுகிறோம். திருக்கார்த்திகை நவம்பர், டிசம்பரில் வருவதால் நான்காம் பருவத்துக்குள்ளேயே விழும். இதைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுகிறாயா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். முடிவை அவளிடமே விடுங்கள். வகுப்பறையில் நெருப்புக்கு அனுமதி கிடைப்பது கடினம், பேட்டரி அகல் போதும். டிசம்பர் தொடக்கத்தில் இரவு பத்து மணிக்கு வடகிழக்கே தாழ்வாகப் பார்த்தால், வானம் தெளிந்திருந்தால், கார்த்திகையையே காட்டலாம்.

இனி மின்னஞ்சல்கள். கலாசார நாளுக்கோ வகுப்பு விருந்துக்கோ 'பிரிங் எ பிளேட்' என்று எழுதியிருந்தால், எல்லோரும் பகிர்ந்துண்ண ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். வெறும் தட்டோடு வந்து கண்கலங்கிய ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நேரக் கூடாது. முந்திரி, வேர்க்கடலை சேர்க்காமல் செய்யுங்கள், கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். முறுக்கும் இட்லியும் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும்.

வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். ஆனால் முன்கூட்டியே இரண்டு விஷயங்களைச் சொல்லிவையுங்கள். ஹக்காவில் விழியை உருட்டுவதும் நாக்கை நீட்டுவதும் ஆட்டத்தின் மெய்ப்பாடு, அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மாவோரி மக்களுக்குத் தலை புனிதமானது. நம் பாட்டிமார் போல ஊரார் பிள்ளைகளின் தலையைத் தொட்டு வாழ்த்த வேண்டாம். உணவு வைக்கும் மேசைமேல் உட்காருவதும் தவறு.

பணத்துக்கு வருவோம். முஃப்டி நாள் என்றால் சீருடை இல்லாமல் வரலாம். அன்று கேட்கும் 'கோல்டு காயின்' தங்கம் அல்ல, பொன்னிறத்தில் இருக்கும் ஒரு டாலர் அல்லது இரண்டு டாலர் நாணயம். அரசுப் பள்ளியில் நன்கொடை என்று வருவது நன்கொடைதான், கட்டாயப்படுத்த முடியாது. பாடத்திட்டத்தின் பகுதியாக நடக்கும் முகாமிலிருந்து, பணம் கட்டவில்லை என்பதற்காக உள்நாட்டு மாணவர் (பன்னாட்டு மாணவர் கட்டணம் கட்டிப் படிக்காதவர்) யாரையும் விலக்கக் கூடாது. பிரிவு விருந்து அப்படியல்ல. அது விருப்பத்துக்கு உட்பட்டது, கட்டணம் கேட்கலாம். கையில் சிரமம் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். தவணையாகக் கட்டவோ வேறு வழிக்கோ ஏற்பாடு கேட்கலாம்.

தடகள நாளுக்கு ஒருவராவது போங்கள். மைதானத்தில் நீளம் தாண்டலுக்கு டேப் பிடிக்கவும் நேரம் குறிக்கவும் பெற்றோர் தேவைப்படுவார்கள். புதிதாக வந்த குடும்பத்துக்கு அங்கேதான் முதல் பழக்கம் உண்டாகும். பள்ளியில் தான் சேர்ந்திருக்கும் அணியின் ('ஹவுஸ்') நிறத்தில் உடுத்திக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு, கடைசியாக வந்தாலும் இங்கே கைதட்டல் உண்டு. இங்குள்ள வெயில் சுடுவதாகத் தெரியாது, ஆனால் தோலை எரித்துவிடும். அகல விளிம்புத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் நம் நிறத்துக்கும் தேவை. உங்கள் மகனுக்கு விளையாட்டில் நாட்டம் இருந்தால், 'எய்ம்ஸ்' போட்டியைப் பற்றி ஆண்டுத் தொடக்கத்திலேயே விசாரியுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்காக 2004 முதல் டௌரங்கா நகரில் நடப்பது அது. செப்டம்பரில் நடந்தாலும் அணித் தேர்வு வெகு முன்னரே முடிந்துவிடும்.

பரிசளிப்பு விழாவில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று எதிர்பார்க்காதீர்கள். முயற்சி, சேவை, கலை, விளையாட்டு என்று பலவற்றுக்கும் பரிசு உண்டு. பரிசு இல்லையென்றாலும் போங்கள், அன்று கபா ஹக்காக் குழுவும் மேடை ஏறக்கூடும்.

பிரிவு விருந்துக்கு மகளை அனுப்புங்கள். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். எத்தனை மணிக்கு முடிகிறது, யார் அழைத்து வருவது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்பாவாடையா கவுனா என்பது அவள் விருப்பம்.

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? டிசம்பர் முதல் வாரத்தில் விலை குறைவு என்று நம்மவர் பலர் அப்போதே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கோ விருந்து, பரிசளிப்பு, கடைசி வழியனுப்பு எல்லாமே அதற்குப் பிறகு வரும் பதினைந்து நாளில்தான். ஆறு வயது முதல் பதினாறு வரை பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம் என்பதும் உண்டு. பள்ளியின் கடைசி நாளை அலுவலகத்தில் கேட்டு, அதற்கு மறுநாளுக்குப் பயணத்தைப் போடுங்கள்.