குறிப்பில் கிளையன்ட் இருக்கிறார், நீங்கள் எங்கே?

கேள்வி: ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் பயிற்சி செய்கிறேன். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் சுயபரிசீலனைக் குறிப்பு எழுத வேண்டும். நான் எழுதிய ஒன்று: "ஐந்தாவது அமர்வு. கிளையன்ட் தன் தாயின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது அழுதார். ஆறுதல் கூறினேன். அமர்வு 20 நிமிடம் நீண்டது." மேற்பார்வையாளர், "இது ரிப்போர்ட், இதில் நீங்களே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் என்ன குறை? மனதில் பட்டதையெல்லாம் எழுதினால் ரகசியக் காப்பு என்னாவது?

பதில்: உங்கள் கடைசி வரியைப் பாருங்கள். "அமர்வு 20 நிமிடம் நீண்டது." மழை பெய்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அது தானாகவா நீண்டது? நீட்டியவர் ஒருவர் இருக்கிறார். மேற்பார்வையாளர் தேடியது அவரைத்தான்.

அந்த அறைக்கே திரும்பிப் போங்கள். நேரம் முடிந்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது? கடிகாரத்தைப் பார்த்தீர்களா, அல்லது வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தீர்களா? 'இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்வோம்' என்று வாய் வரை வந்ததைச் சொல்லவிடாமல் தடுத்தது எது? அழுதபடி வெளியே போனால் நம்மைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைப்பாரோ என்ற பயமா? இன்னொன்று: உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு கிளையன்ட் இதே போல அழுதிருந்தால், அவருக்கும் 20 நிமிடம் கொடுத்திருப்பீர்களா? என்னைக் கேட்டால் இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே குறிப்பு எழுதலாம்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் குறிப்பு ஏறக்குறைய இப்படி வரும்: "நேரம் முடிந்ததைக் கவனித்தேன், சொல்லவில்லை. பாட்டி இறந்தபோது என்னை உட்கார வைத்துப் பேச யாரும் இல்லை, அது நினைவுக்கு வந்தது. நீட்டியது அவருக்காகவா, எனக்காகவா என்று இப்போது சந்தேகம். அடுத்துக் காத்திருந்தவரிடம் மன்னிப்புகூடக் கேட்கவில்லை."

கிளையன்ட்டால் தனக்குள் கிளம்பும் உணர்ச்சிகளைச் சிகிச்சையாளர் கவனித்தாக வேண்டும் என்று ஃப்ராய்ட் 1910இலேயே சொல்லிவிட்டார். அவருக்கு அது தாண்ட வேண்டிய தடை. 1950இல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர், அந்த உணர்ச்சியே கிளையன்ட்டைப் புரிந்துகொள்ள உதவும் தகவல் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்பது என் அனுபவம். ஆனால் எழுதிப் பார்க்காமல், இது தடையா தகவலா என்று பிரிப்பது கடினம்.

இதில் தொழில் நெறிமுறை எங்கே வருகிறது என்று கேட்கலாம். அமெரிக்க உளவியல் சங்கம் 1953இல் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை வெளியிடும் முன், உறுப்பினர்கள் தொழிலில் சந்தித்த இக்கட்டுகளை எழுதி அனுப்பச் சொன்னது. வந்து சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களிலிருந்துதான் விதிகள் உருவாயின. ஆக, உங்கள் 20 நிமிடம் போன்ற சமாச்சாரங்கள்தான் விதிகளுக்கே மூலப்பொருள்.

சரி, நேரம் நீண்டது தவறா? அது மட்டுமே தவறாகிவிடாது. குதீல், கப்பார்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1993இல், சிகிச்சையாளருக்கும் கிளையன்ட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய தொழில் எல்லையைத் தாண்டுவதையும் அந்த எல்லையை மீறுவதையும் பிரித்துக் காட்டினார்கள். தாண்டுவது சில சமயம் நன்மையாகக்கூட முடியலாம், மீறுவது கிளையன்ட்டுக்குக் கேடு செய்வது. எது எது என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை சின்னது: இதை மேற்பார்வையாளரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? கூச்சமாக இருந்தால் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். 20 நிமிடம் ஒரு முறை என்றால் பேசித் தீர்க்கலாம். அதே ஆளுக்கு மூன்றாவது முறை, அப்புறம் இரவில் குறுஞ்செய்தி என்று போனால் கதை வேறு.

எப்படி எழுதுவது என்பதற்கு கிரகாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் தந்த ஆறு படிகளைப் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்த திட்டம். பழகும் வரை பிடித்துக்கொள்ளலாம். படிவம் நிரப்புவது போல ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

இப்போது ரகசியக் காப்பு. மேலே மாற்றி எழுதியதில் கிளையன்ட் எவ்வளவு இருக்கிறார் என்று பாருங்கள், ஏறக்குறைய இல்லை. உங்களைப் பற்றி எழுத எழுத அவரைப் பற்றிய விவரம் தானாகக் குறையும். பெயரை நீக்கினால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, இறப்பு நடந்த விதம் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கைபேசிக் குறிப்புச் செயலியில் எழுதாதீர்கள், அது எங்கெங்கே நகலெடுக்கப்படுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. நடையைத் திருத்தித் தா என்று செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஒட்டவும் கூடாது. சொந்தக் குறிப்புதானே என்ற தைரியமும் வேண்டாம், பல நாடுகளில் நீதிமன்றம் அதையும் கேட்டு வாங்க முடியும். கிளையன்ட் தற்கொலை பற்றிப் பேசினால் குறிப்புக்காகக் காத்திருக்காமல் உடனே மேற்பார்வையாளரை அழையுங்கள்.

மதிப்பெண் போடுபவரிடமே பலவீனத்தை எழுதிக் கொடுப்பது சங்கடம்தான். அதனால் எழுதுவதை யார் படிப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்த 20 நிமிடத்தை அடுத்த மேற்பார்வைச் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே பேசிவிடுங்கள். கிளையன்ட்டிடமும் அடுத்த அமர்வின் தொடக்கத்தில் இப்படிச் சொல்லலாம்: "போன முறை நேரம் தாண்டியது என் பொறுப்பு. இனிமேல் முடிய 10 நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்."