தி.நகரில் இனி குடியிருக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சென்னை தி.நகரில் கட்டிய வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். அந்தக் காலத்தில் வீட்டைச் சுற்றி மாமரங்கள் நின்றன, தெருவில் நாளுக்கு நாலு வண்டி போனால் அதிகம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது சொந்த வீட்டு வாசலிலேயே யாராவது காரை நிறுத்திவிட்டுத் துணி எடுக்கப் போய்விடுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் வெளியே தலைகாட்ட முடியாது. துணிக்கடையும் நகைக்கடையும் வந்துதான் பேட்டை கெட்டது என்பது என் கட்சி. விற்றுவிட்டுப் புறநகரில் ஒரு தனி வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு ஓடுகிறது. அப்பா அசைய மறுக்கிறார். இது இனி குடியிருக்கத் தகுந்த இடம்தானா?

எஸ்., தி.நகர்

அன்புள்ள எஸ்.,

அப்பா சொல்லும் மாமரங்களை நம்புகிறேன். ஆனால் அந்த மரங்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் உங்கள் வீடு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு வளைந்து கிடந்தது ஏரி. கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். ஊரில் வீட்டுக்குத் தட்டுப்பாடு, 1920இல் நகரமைப்புச் சட்டமும் வந்துவிட்டது, அந்தப் பத்தாண்டிலேயே ஏரியை வடித்து மனை போட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவே பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், பெரிய மனைகள் என்று தாளில் கோடு போட்டுக் கட்டிய பேட்டை உங்களுடையது. 1925இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்துத் தியாகராய நகர் என்றார்கள். ஆட்சி நீதிக்கட்சியுடையது என்பதால் மற்ற பெயர்களும் அந்த வட்டாரத்திலிருந்தே வந்தன. முதலமைச்சராக இருந்த பனகல் அரசருக்குப் பூங்கா, டாக்டர் நடேச முதலியாருக்கு இன்னொரு பூங்கா, 1934இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மானுக்குச் சாலை.

சரி, கடைகள். அவை பின்னால் வந்து புகுந்தவை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நல்லி சின்னசாமி செட்டியார் தி.நகரில் பட்டுப் புடவைக் கடை போட்டது 1928இல், பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் இறங்கிய கூட்டம் உஸ்மான் சாலைக்குப் போக ரங்கநாதன் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். தினமும் அத்தனை பேர் நடக்கும் தெருவில் வீட்டுத் திண்ணை கடையாகாமல் என்ன செய்யும்? காஞ்சிபுரத்துக்காரரும் செங்கல்பட்டுக்காரரும் கல்யாணப் புடவைக்கு ரயிலேறி வரும் இடமாக அது ஆனது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உங்கள் வாசலில் நிற்கும் கார் வேறு விஷயம், அதற்கு நீங்கள் கோபப்படலாம்.

நான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்துக்காரன். எங்களுக்குக் கோடு போட்டுத் தரப்படவில்லை. சந்து சந்தாகத் தானே வளர்ந்த பேட்டை, நேற்றுவரை கொசுவுக்குப் பேர் போனது. ஏரியின் நினைவாக லேக் வியூ ரோடு என்று ஒன்று உண்டு, நின்று பார்த்தால் எதிர் மாடியில் காயும் துணி தெரியும். உங்கள் பக்கத்துச் சாலையின் அகலத்தைப் பார்த்து இன்னும் பொறாமைப்படுகிறவர்கள் நாங்கள்.

ஒரு பேட்டை குடியிருக்கத் தகுந்ததா என்று பார்க்க நான் இரண்டைத்தான் கேட்பேன். மழை விட்டபின் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது? வயதானவர் ஒருவர் யார் கையையும் பிடிக்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது?

முதல் கேள்வியில் தி.நகர் தோற்றுக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் உங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து நந்தனம் வழியாக அடையாற்றுக்குப் போகிற மாம்பலம் கால்வாய்தான் இந்தப் பள்ளத்துக்கு வடிகால். ஆனால் அது வீடுகளின் முதுகுப் பக்கமாக ஓடுகிறது. ஏதாவது பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால்தான் கண்ணில் படும்: இருபுறமும் கான்கிரீட் சுவர், நடுவில் கருப்பாக ஒரு ஓட்டம், அதன்மேல் தெர்மாகோல், பால் உறை, உடைத்த கட்டடத்துக் கல். எந்த வீட்டுக்கும் அது வாசலில் இல்லாததால் எந்த வீட்டுக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. மழை வந்தால் மட்டும் எல்லாரும் அதைத் திட்டுவோம். ஏரி இருந்த பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் வரும். துணிக்கடைகளை எல்லாம் நாளைக்கே மூடினாலும் இதில் ஒரு அங்குலம் குறையாது.

இரண்டாவதில் பாதி மதிப்பெண் போடுவேன். 2019இல் பாண்டி பஜாரில் திறந்த அகலமான நடைபாதை நன்றாகவே இருக்கிறது, சாயங்காலம் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேரும் உள்தெருக்களைப் பாருங்கள். ஒரு வீட்டில் கார் ஏற வசதியாக நடைபாதையைச் சரித்திருப்பார்கள், அடுத்த வீட்டில் முழங்கால் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள், அதைத் தாண்டினால் மின் பெட்டி, அப்புறம் வரிசையாக பைக். எண்பது வயதுக்காரர் நடுரோட்டில் நடப்பது ஆசைப்பட்டா? இதையெல்லாம் செய்தது பெரும்பாலும் குடியிருப்பவர்கள்தான், கடைக்காரர்கள் இல்லை.

இனி உங்கள் வீட்டு வழக்கு. அப்பா ஒரு நாளில் எங்கெல்லாம் தானாகப் போய்வருகிறார் என்று கவனியுங்கள். பூங்கா, மருந்துக்கடை, கோயில், பேச்சுத்துணைக்கு ஒரு சிநேகிதர் என்று நாலு இடம் இருந்தாலே அவர் அசைய மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் நினைக்கும் புறநகரில் இந்த நாலுக்கும் அவர் உங்கள் காரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிவரலாம். பனகல் பூங்காப் பக்கத்து மெட்ரோ நிலைய வேலையும் தூசியும் என்றாவது ஓயும். அந்தக் காத்திருப்பு ஓயாது.

தெற்கே இடம் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நிறைய மனைகள் ஏரியிலும் சதுப்பிலும் எழுந்தவை. உங்கள் தாத்தாவுக்காவது ஒரு திட்டமும் பூங்காவும் கிடைத்தன. பத்திரத்தோடு நிறுத்தாமல் பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள். மனையைக் கோடையில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நவம்பரில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.