முக்கோணச் சுவருக்கு எத்தனை சதுர அடி?

கேள்வி: கோவையில் வீடு கட்டி வருகிறோம். ஹாலில் டிவி வரும் சுவரை (10 அடிக்கு 9 அடி) பட்டை தீட்டிய வைரம் மாதிரி முக்கோணப் பலகைகளால் செய்ய ஆசை. டிசைனர் ‘பாராமெட்ரிக் மாடலிங்’ என்கிறார். சுவர் 90 சதுர அடிதான், கொட்டேஷனில் 108 என்று போட்டிருக்கிறார். சாஃப்ட்வேர் சார்ஜ் தனி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணமாம். ஏமாற்றுகிறாரா?
– ஒரு வாசகி

பதில்: 108-ஐப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், கணக்கு சரியாகவே இருக்கலாம். ஓரடிச் சதுரத்தின் மேல் 4 அங்குலம் எழும்பும் பிரமிடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு முக்கோணங்களையும் விரித்து அளந்தால் 144 சதுர அங்குலம் 173 ஆகிவிடும். சுமார் 20 சதவீதம் கூடுதல். ஆனால் பிரமிடு 2 அங்குலம்தான் எழும்புகிறது என்றால் மொத்தமே 95 சதுர அடிதான் வரும். எத்தனை அங்குலம் என்று கொட்டேஷனில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். பலகைக்கும் பெயின்டுக்கும் விரித்த அளவு சரி. பின்னால் அடிக்கும் சட்டத்துக்கும் அதே 108 போட்டிருந்தால் விடாதீர்கள், சட்டம் நிற்பது 90 சதுர அடியில்தான்.

சாஃப்ட்வேர் சார்ஜ் என்பது ஆசாரி தன் ரம்பத்துக்கு வாடகை கேட்ட கதை. பலரும் இதற்குப் பயன்படுத்தும் கிராஸ்ஹாப்பர் என்ற கருவி, 2018-ல் வந்த ரைனோ 6 முதல் ரைனோ என்ற முப்பரிமாண வரைகலை சாஃப்ட்வேரோடு சேர்ந்தே வருகிறது.

மாற்றக் கட்டணம்தான் எனக்கு உறுத்துகிறது. பாராமெட்ரிக் என்றாலே உயரம், எண்ணிக்கை, சரிவு எல்லாம் எண்களாகக் கட்டிவைத்த மாடல். சதுர அடிக்கு ஒரு பிரமிடு என்றால் உங்கள் சுவரில் 360 முக்கோணங்கள்; ஓர் எண்ணை மாற்றினால் அத்தனையும் தாமாகவே மாறும். பலகை சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரம்) வெட்டுக்குப் போகும் முன் ஸ்விட்ச் போர்டை அரையடி நகர்த்துவதற்கெல்லாம் காசு கேட்பது நியாயமில்லை. வடிவத்தையே மாற்றச் சொன்னால் கேட்கட்டும். இன்னொன்று: எல்லாப் பிரமிடும் ஒரே அளவு என்றால் இந்த வித்தையே தேவையில்லை, ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்த்துவிடலாம்.

அப்புறம், அளவு எப்போது எடுத்தார்? பிளான் பேப்பரில் இருக்கும் சுவர் வேறு, பூச்சு முடிந்த சுவர் வேறு. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் அரை அங்குலம் சாய்ந்திருக்கும். முக்கோணங்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்பதால் ஓரத்தில் இடைவெளி வாய் பிளக்கும். பூச்சுக்குப் பிறகு அளந்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண் போடச் சொல்லுங்கள். வெட்டும் ஃபைலும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும், நாளைக்கு ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். சுவருக்கு மறுபுறம் பாத்ரூம் என்றால் சாதாரண எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரம் ஏறினால் உப்பிவிடும்.

முன்பணத்துக்கு முன் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்று செய்து, ராத்திரி உங்கள் ஹால் விளக்கிலேயே சாய்த்துவைத்துப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மூட்டு தெரிகிறதா என்பது அப்போதுதான் புரியும். எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.