பாட்டு நின்னு நின்னு போறதுக்கு ஸ்பீடு காரணமில்ல ப்ரோ

100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ராத்திரி ஆனா கிச்சன் ஸ்பீக்கர்ல மட்டும் பாட்டு விட்டு விட்டு வருது, ஹால்ல போன்ல நல்லா ஓடுதுன்னு சொல்றீங்க, அப்ப பிளானை மாத்தாதீங்க, காசு தண்டம். நல்ல குவாலிட்டி பாட்டுக்கே 320 கேபிபிஎஸ்தான், அதாவது 0.32 எம்பிபிஎஸ்தான் வேணும், உங்க லைன்ல அது ஒரு மூலைக்குக்கூட காணாது.

முதல்ல லேப்டாப்பை அந்த ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சு, அதே வைஃபைல, பாட்டு நிக்கிற நேரத்துல ரவுட்டருக்கு பிங் (பதில் வருதான்னு பாக்குற கமாண்ட்) போடுங்க, அதோட அட்ரஸ் பெரும்பாலும் 192.168.1.1, விண்டோஸ்ல பின்னாடி ஹைஃபன் டி சேர்த்தா ஓடிட்டே இருக்கும். அதுலயே பதில் வராம டைம் அவுட் ஆனா கோளாறு வீட்டுக்குள்ள. அது சுத்தமா வந்து, வெளிய இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8-க்கு பிங் போட்டா மட்டும் விட்டுப்போனா லைன்காரங்களுக்கு போன் போடுங்க.

என் சந்தேகம் வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைலதான் ஓடுது, ராத்திரி சாப்பாடு சூடு பண்றப்ப நிக்குதான்னு கவனிங்க. போதாததுக்கு பக்கத்து ஃபிளாட் ரவுட்டர் எல்லாம் அந்நேரம் முழிச்சிருக்கும். ரவுட்டர்ல சேனலை (அலைவரிசைக்குள்ள இருக்கிற பிரிவு) ஆட்டோல விடாம 1, 6, 11 மூணுல கூட்டம் கம்மியானதுல வைங்க, ஸ்பீக்கர் வைஃபையோட இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும்னா அதுக்கு மாத்திப் பாருங்க, ஆனா சுவர் தாண்டுனா அது சீக்கிரம் வீக் ஆயிடும்.

ரவுட்டர் எங்க இருக்கு? எங்க வீட்ல ஸ்டீல் பீரோ பின்னாடி வெச்சுட்டு மூணு மாசம் லைன்காரனைத் திட்டிட்டு இருந்தேன். பிங் ரிசல்ட் போடுங்க, பாப்போம்.