சன்ரூம் ஜன்னல் தாங்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சன்ரூமுக்கு (சுற்றிலும் கண்ணாடி ஜன்னல் வைத்த வெயில் அறைக்கு) வாங்கிய ஜன்னலின் லேபிளில் ‘பிஜி 30’ என்று போட்டிருக்கிறார்கள். 30 என்றால் என்ன?

‘பிஜி’ என்றால் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு, அதாவது செயல்திறன் தரம். இது வட அமெரிக்கத் தர முறை. ஒரு சதுர அடிக்கு 30 பவுண்டு காற்றழுத்தத்துக்கு அந்த ஜன்னலை மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். மணிக்குச் சுமார் 175 கி.மீ. வேகக் காற்று கண்ணாடியில் நேராக மோதுவதற்குச் சமம். சோதனைக்கூடத்தில் இதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 45 பவுண்டு வரை ஏற்றி, சட்டம் நிரந்தரமாக வளைகிறதா, எதுவும் உடைகிறதா என்று பார்ப்பார்கள்.

விற்பவர்கள் வாய் திறக்காத ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் சோதனை அந்த 30-இல் நடப்பதில்லை. வீட்டு உபயோக ரகங்களுக்கு அதில் 15 சதவீதம்தான், அதாவது 4.5 பவுண்டு. காற்று வேகமாகச் சொன்னால் மணிக்கு 70 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அந்த அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் தண்ணீர் தெளிப்பார்கள். பேய்மழைதான், சந்தேகமில்லை. ஆனாலும் புயலில் உடையாத ஜன்னல் அதே புயலில் ஒழுகலாம், லேபிள் பொய் சொன்னதாக ஆகாது. வாங்கும்போது தண்ணீர் சோதனை அழுத்தத்தைத் தனியாகக் கேளுங்கள்.

சான்றிதழ் உள்ள ஜன்னல்கள்தான் போட்டோம். சாரல் அடித்தால் மூலையில் தண்ணீர் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். சோதனைக்கூடத்தில் ஏறியது ஒரு புது மாதிரி, நேரான சட்டத்தில் பொறுமையாகப் பொருத்தியது. உங்கள் சன்ரூமில் ஏழெட்டு ஜன்னல்கள் தோளோடு தோள் நிற்கின்றன, மேலே கூரை அமர்ந்திருக்கிறது. அந்த இணைப்புகளுக்கு லேபிள் பொறுப்பல்ல. நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை அங்கேதான்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழ்ச்சட்டத் தடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வெளிப்புறம் உள்ள சின்னத் துளைகள் வழியே அது உடனே சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் துளை அடைத்திருக்கிறது. ஒரு வீட்டில் அந்தத் துளைகளை எல்லாம் ‘அசிங்கமாக இருக்கிறதே’ என்று யாரோ சிலிக்கான் வைத்து அழகாக மூடியிருந்தார்கள்! உள்ளே வந்த தண்ணீருக்குப் போக வேறு வழி? கூடத்துத் தரைதான்.

துளை சரியென்றால் தோட்டக் குழாயை எடுங்கள். அடியில் ஆரம்பித்து, ஒவ்வோர் இணைப்பிலும் சில நிமிடம் நின்று, மேலே போங்கள். மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும், எந்த இடம் என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். உயர் அழுத்தக் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். நல்ல ரப்பரையும் பிய்த்துவிடும்.

இரட்டைக் கண்ணாடியில் காலையில் பனி படிகிறது. மாற்ற வேண்டுமா?

எந்தப் பக்கம்? விரலால் துடைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் பயம் வேண்டாம்: உள்ளே இருக்கும் சூடு வெளியேறாததால்தான் வெளிக்கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. அறைப்பக்கம் என்றால் அறையில் ஈரம் அதிகம். இரண்டு பக்கம் துடைத்தும் போகவில்லையா, ஓரத்துச் சீல் போய்விட்டது. அந்தக் கண்ணாடி அடுக்கை மாற்ற வேண்டியதுதான், சட்டம் இருக்கலாம்.

சன்ரூமில் இது சீக்கிரம் வரக் காரணம் வெயில். பகலில் இடைவெளிக் காற்று விரிந்து கண்ணாடியைத் தள்ளுகிறது, இரவில் சுருங்கி இழுக்கிறது. தினமும் இதே இழுபறி. இரட்டைக் கண்ணாடிக்கான ஏ.எஸ்.டி.எம். இ2190 என்ற அமெரிக்கச் சோதனைத் தரத்தில் சூடு, குளிர், ஈரம், புறஊதா எல்லாவற்றிலும் வாரக்கணக்கில் வாட்டிய பிறகும், உள்ளிருக்கும் காற்று மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை பனி படியாத அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். இந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லோ-ஈ பூச்சு இருப்பதாகச் சொல்லி விற்றார்கள். எப்படி நம்புவது?

லோ-ஈ என்பது சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு, கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் ஒரு லைட்டரைக் கண்ணாடி அருகே பிடியுங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் தெரியும். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் பூச்சு உண்டு. நான்கும் ஒரே நிறமா? விற்றவரைக் கூப்பிடுங்கள்.

10,000 முறை திறந்து மூடிச் சோதித்ததாம். போதுமா?

ஐரோப்பியத் தரத்தில் 5,000, 10,000, 20,000 என்று மூன்று வகுப்புகள். தினம் இரண்டு முறை திறந்தால் 10,000 என்பது 13 வருடத்துக்கு மேல். தினம் பத்து முறை என்றால் மூன்று வருடம்கூட வராது. அப்புறம், சோதனை மேடையில் மணல் கிடையாது. தள்ளு ஜன்னல் என்றால் தடத்தைத் தூரிகையால் கூட்டிவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.