குடிப்பவருக்கு நெஞ்சுச்சளி அடிக்கடி வருவது ஏன்?

சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்மரம் வெட்டும் உங்கள் மாமா, பல ஆண்டுகளாகச் சம்சு எனும் மலிவுச் சாராயம் குடிப்பவர், இருமுறை நிமோனியாவால் வார்டில் கிடந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மது சளியை முறிக்கும் என்ற தோட்டத்து நம்பிக்கைக்கு நேர்மாறாக, தொடர்ந்த குடி மூச்சுக்குழாயில் கிருமிகளை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை மந்தமாக்கி, நுரையீரலின் காற்றறைகளில் காவலிருந்து கிருமிகளை விழுங்கும் அணுக்களையும் வலுவிழக்கச் செய்கிறது. போதையில் மயங்கிக் கிடக்கையில் எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. குடலின் உட்சுவர் கசிந்து, பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் கல்லீரலை அடைவதால், எதிர்ப்பாற்றல் வேண்டாத இடத்தில் கொதித்தும் வேண்டிய இடத்தில் சோர்ந்தும் போகிறது. மதுவுக்கு அடிமையானவர்களுக்குக் காசநோய் அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு என்பதால், இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்கில் சளிப் பரிசோதனை அவசியம். ஆனால், பல ஆண்டுக் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.